குறைந்த செலவில் மனசுக்குப் பிடித்த பரிசு: பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் வியாழக்கிழமை பிறந்தநாள் அழைப்பு வரும். விழா சனிக்கிழமை. நடுவில் ஊரிலிருந்து அத்தை மகன் குடும்பத்தோடு வருகிறார். அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு காதுகுத்து. பெங்களூருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பரிசு மாதம் தவறாத செலவு. ஆனாலும் அதைப் பற்றி யோசிக்கக் கிடைப்பது பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான். போகிற வழியில் கண்ணில் படும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துப் பளபளக்கும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுகிறோம். பத்து நாளில் அது பரணுக்குப் போய்விடுகிறது.

இந்த நகரத்தில் அதைவிட நன்றாகச் செய்யலாம், செலவையும் குறைக்கலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி

"என்ன வாங்கலாம்?" என்று தொடங்கினால் கடைக்காரர் காட்டுவதைத்தான் வாங்குவோம். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பொருளை அவர் ஒரு நாளில் எந்த நேரத்தில் கையில் எடுப்பார்? காலையில் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போதா, மத்தியானம் தூக்கம் வராமல் புரளும்போதா, இரவு சாப்பாட்டுக்குப் பின்னா? பதில் சட்டென்று வந்தால் வாங்கலாம். வராவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வீண் செலவு.

இதற்கு ஆளைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்கு என்றால் அம்மாவிடமோ பாட்டியிடமோ போனில் மூன்று விஷயம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமல் தானாக என்ன விளையாடுகிறான்? வீட்டில் ஏற்கெனவே எது குவிந்து கிடக்கிறது? வேண்டாம் என்று நினைப்பது எது? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. இரண்டு அறை வீட்டில் நாலு பேர் இருக்கும் குடும்பத்துக்குப் பெரிய பிளாஸ்டிக் சமையலறை செட் கொடுத்தால் அந்த அம்மாவுக்கு அது தினசரித் தொல்லை.

பெரியவர்களிடம் நேராகக் கேட்டால் "எனக்கு எதுக்கும்மா, ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அவர்களைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பேப்பர் படிக்கிறார், ராத்திரி எழுந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார், தேய்ந்த செருப்போடே கோயிலுக்குப் போகிறார். இவற்றை அப்போதைக்கு அப்போது போனில் குறித்து வையுங்கள். பண்டிகை வரும்போது பட்டியல் தயாராக இருக்கும்.

இரண்டாவது படி: தொகை

வருடத்துக்கு எத்தனை பேருக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாங்கக்கூடிய மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்து, அப்புறம் பிரியுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பள்ளித் தோழனுக்கும் 200 முதல் 300 ரூபாய், அண்ணன் தங்கை பிள்ளைகளுக்கு 500 முதல் 800 என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தாங்கும் கணக்கு. அதற்கு மேல் போக வேண்டுமானால் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே நல்ல பொருளாக வாங்கலாம். ஆறு சின்னப் பொம்மைகளைவிடச் சரியான உயரத்தில் ஒரு சைக்கிள் பல வருடம் உழைக்கும்.

நம் வழக்கத்தில் கொடுத்தது திரும்பி வர வேண்டும். மொய் நோட்டு வைக்காத வீட்டிலும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். நீங்கள் மூவாயிரம் ரூபாய்ப் பொருளை வைத்தால் எதிர்வீட்டுக்காரர் அடுத்த முறை அதே அளவுக்குச் செய்ய வேண்டியிருக்கும். அவருக்குக் கை இறுக்கமான மாதமாக அது இருக்கலாம். அடக்கமான விலையில் நன்றாக யோசித்து வாங்குவது அவருக்கும் செய்யும் நல்லது. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் பிறந்தநாள் யாருடையதாக இருந்தாலும் இன்னொருவர் கையில் வைக்கவும் ஏதாவது கொண்டு போங்கள். ஒரு பென்சில் பெட்டி போதும்.

மூன்றாவது படி: வயதும் பாதுகாப்பும்

இதில் சமரசம் வேண்டாம். இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பெட்டியில் அந்த முத்திரையைத் தேடுங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளின் பதிவு பெற்ற உரிமையாளர்கள் செய்து விற்பவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே கைவினைப் பொருளில் முத்திரை இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், நாமே சோதித்துப் பார்க்கலாம். அதைக் கீழே சொல்கிறேன். தொழிற்சாலைப் பிளாஸ்டிக் பொம்மையில் முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

"மூன்று வயதுக்கு மேல்" என்று பெட்டியில் போட்டிருப்பதைக் குழந்தையின் புத்திசாலித்தனத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். "எங்க பாப்பா ரெண்டு வயசுலயே இதெல்லாம் செய்வா" என்று வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த வரிக்குக் காரணம் தொண்டையில் சிக்கக்கூடிய சின்னப் பாகங்கள். வாய்க்குள் முழுதாகப் போகிற எதுவும், நாலரை சென்டிமீட்டருக்குக் குறைவான எந்த உருண்டையும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. பரிசு பெரிய குழந்தைக்கே என்றாலும் தவழும் தம்பி இருக்கிறானா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பொத்தான் பேட்டரி. விளக்கெரியும் பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மலிவு கைக்கடிகாரம் பலவற்றிலும் அது இருக்கிறது. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். குட்டிக் காந்த உருண்டைகளும் அப்படித்தான். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். அவற்றை எந்த வயதுக் குழந்தைக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

நான்காவது படி: பொம்மை என்றால் சென்னபட்டணம்

பெங்களூருவில் இருந்துகொண்டு சென்னபட்டணத்துப் பொம்மை வாங்காமல் இருப்பது நியாயமில்லை. மைசூரு போகும் வழியில் ராமநகரம் தாண்டி, சுமார் 60 கிலோமீட்டர். மைசூரு வழி ரயில்கள் பல அங்கே நிற்கின்றன. காரில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிய விரைவுச்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போகிறது. பொம்மைக் கடைகள் பழைய மைசூரு சாலையில்தான் இருக்கின்றன, அதில் இறங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியம் இருக்கிறது, கர்நாடக அரசின் கைவினைக் கழகம் நடத்துவது.

நம் அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. இதுவும் கடைசல்தான், அதாவது சுழலும் மரத்தை உளியால் சீவி உருவாக்குவது. இதற்கு எடுக்கும் மரத்துக்குக் கன்னடத்தில் ஆலெ மரம் என்று பெயர், நம் வெட்பாலை. வெள்ளையாக, மென்மையாக, சீக்கிரம் கடையக்கூடிய மரம். கடைசல் பட்டறையில் மரம் சுழலும்போதே சாயம் கலந்த அரக்குக் கட்டியை அதன் மேல் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் அந்த வழுவழுப்பும் பளபளப்பும் வரும். பட்டறைக்கு நேரில் போனால் இதை ஐந்து நிமிடத்தில் கண்ணெதிரே செய்து காட்டுவார்கள். குழந்தையையும் கூட்டிப் போங்கள். எப்படிப் பிறந்தது என்று பார்த்த பம்பரத்தை எந்தக் குழந்தையும் தொலைக்காது.

ஆறு மாதக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை. ஒரு வயதுக்கு மேல் வளையம் அடுக்கும் தூண், கயிறு கட்டி இழுக்கும் வண்டி. நாலு வயதில் விரலால் சுற்றும் பம்பரங்கள். நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். மரக் கைப்பிடி போட்ட ஸ்கிப்பிங் கயிறு ஆறேழு வயதுக்கு. சின்ன வயதுக்குச் சொப்பு வாங்கும்போது மட்டும் மூடி, கரண்டியின் அளவைப் பாருங்கள்.

வாங்கும் முன் மூன்று சோதனை. சக்கரத்தையும் மணிகளையும் நன்றாக இழுத்துப் பாருங்கள். ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் துடையுங்கள், சாயம் ஒட்டக் கூடாது. மூக்கருகே வைத்துப் பாருங்கள், பெயிண்ட் வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். எல்லாக் கடையிலும் தாவரச் சாயம்தான் போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்டு வாங்குங்கள். கொடுக்கும்போது, இதைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் மடக்குப் பல்லாங்குழி, தாயக்கட்டை, சுருட்டி வைக்கும் சதுரங்கத் துணி. பாட்டி வீட்டில் இருந்தால் பல்லாங்குழிக்கு நிகரான பரிசு இல்லை. வாரநாளில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, அம்மா அப்பா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்றே அமைந்தது போல இருக்கும்.

ஐந்தாவது படி: புத்தகமும் நம் மொழியும்

இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து மட்டும் கைக்கு வருவதில்லை. மாமாவோ சித்தியோ தருகிற புத்தகம் அந்த இடத்தை நிரப்பலாம். பாடப்புத்தகம் போல மிரட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பெங்களூருவிலிருந்து 2004 முதல் இயங்கும் பிரதம் புக்ஸ், குழந்தைகளின் படப் புத்தகங்களைப் பல இந்திய மொழிகளில் குறைந்த விலையில் போடுகிறது, தமிழும் அதில் உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் இருக்கும் இருமொழிப் புத்தகங்களைக் கொண்டுவருகிறது. தமிழ் எழுத்துத் தெரியாத குழந்தைக்கு இது தான் சரியான வாசல். பாட்டி தமிழில் வாசிப்பார், பிள்ளை ஆங்கில வரியில் கதையைத் தொடரும், போகப்போகக் கண் அந்தப் பக்கமும் போகும்.

கையில் பணமே இல்லாத மாதத்துக்கும் வழி இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஆயிரக்கணக்கான கதைகள் இலவசம். படிக்கலாம், பதிவிறக்கலாம், அச்செடுக்கலாம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நாலு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; தமிழ் புதிதாகப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் முதல் நிலையிலிருந்தே எடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கலரில் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு, முதல் பக்கத்தில் குழந்தையின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கூடவே ஊரில் இருக்கும் தாத்தாவை அந்தக் கதையை வாசிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வாங்கி வையுங்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தில் குழந்தை பக்கத்தைப் புரட்ட, தாத்தா குரல் ஓடும். இந்த வழிகாட்டியில் உள்ளதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பரிசு இதுதான்.

ஆங்கிலப் புத்தகம் விரும்பும் பெரிய பிள்ளைகளுக்குச் சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாஸம், புக்வர்ம் இரண்டு கடைகளிலும் பழைய புத்தகங்கள் நல்ல நிலையில் கிடைக்கும். பழையதைக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். தொடரில் பிள்ளை தேடும் மூன்றாவது பாகம் அதுவாக இருந்தால் புதியதா பழையதா என்று பார்க்கவே மாட்டார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. ஓய்வுபெற்ற அப்பாவுக்கு உறுப்பினர் சேர்க்கையையே பரிசாக்கலாம். புத்தகத்தோடு நண்பர்களும் கிடைப்பார்கள்.

ஆறாவது படி: காகிதம், நிறம், விதை

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் அவென்யூ ரோடும் சுல்தான்பேட்டையும் நடக்கும் தூரம். தடித்த வரைதாள், பெரிய சார்ட், எழுதுபொருள் எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். மூன்று வயதுக்கு விரல் பருமன் கிரையான், பத்து வயதுக்கு 2பி, 4பி பென்சிலும் நல்ல நோட்டும். அறுபது நிறம் அடங்கிய மலிவுப் பெட்டியைவிடப் பன்னிரண்டு நிறத் தரமான பெட்டி மேல்.

பால்கனி இருக்கும் வீட்டுக்கு ஒரு மண்தொட்டி, ஒரு பை மண், விதைப் பொட்டலம். லால்பாக் தோட்டக்கலை நர்சரியிலும் அதன் பக்கம் சித்தாபுரத்து நர்சரிகளிலும் வாங்கலாம். குழந்தைக்கு ரோஜாச் செடி வேண்டாம், பொறுமை போய்விடும். வெந்தயம் கொடுங்கள். மூன்று நாலு நாளில் முளை தலைகாட்டும், மூன்று வாரத்தில் கீரையாகப் பறித்துச் சாம்பாரில் போடலாம்.

ஏழாவது படி: ஒரு நாளையே பரிசாகக் கொடுப்பது

வீடு நிறையப் பொம்மை இருக்கும் குழந்தைக்கு உங்கள் ஒரு நாளைக் கொடுங்கள். கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைத் தானே இயக்கிப் பார்க்கலாம்; வாசலிலேயே இந்தியாவில் வடிவமைத்த மாருத் போர் விமானம் நிற்கிறது. ஜவாஹர்லால் நேரு கோளரங்கம், பன்னேர்கட்டா வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, ஜே.பி. நகர் ரங்கசங்கராவில் குழந்தை நாடகம். விமானப் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு, விமானம் கட்டும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகம்.

இதைச் சும்மா "ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னால் அது பரிசாகாது. ஒரு அட்டையில் இடம், தேதி, கிளம்பும் நேரம், மத்தியானம் என்ன சாப்பிடப்போகிறோம் என்பது வரை எழுதி, உறையில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். தேதி போடும் முன் விடுமுறை நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது படி: பெரியவர்களுக்கு

இங்கேதான் முதல் கேள்வி முழுதாக உதவும். ராத்திரி இரண்டு மணிக்கு எழும் தாத்தாவுக்கு ஆள் நடந்தால் தானே எரியும் சிறிய விளக்கு. படுக்கையிலிருந்து குளியலறை வரை இரண்டு ஒட்டினால் போதும். மத்தியானம் பேப்பர் படிப்பவருக்கு விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. காலையில் முதலில் எழும் அம்மாவுக்குச் சூடு நிற்கும் ஃபிளாஸ்க். ஊருக்குப் போகும்போது மைசூர் சாண்டல் சோப்புப் பெட்டி. மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு, பைக்குள் அடங்கும், உடையாது, அத்தைகள் பீரோவில் புடவைக்கு நடுவே வைத்துக்கொள்வார்கள்.

ஊன்றுகோல், காது கருவி, முட்டிப் பட்டை இவற்றைப் பிறந்தநாளில் நாலு பேர் முன்னால் நீட்டாதீர்கள். தேவையென்றால் சாதாரண நாளில், தனியாகப் பேசி, கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள்.

போனில் கிடக்கும் படங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதும் பெரிய பரிசு. ஸ்டூடியோவில் இருபது படம் அச்செடுத்து ஆல்பத்தில் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஞாபகம் மங்கத் தொடங்கிய பெரியவருக்கு இது தினமும் கையில் இருக்கும்.

பிரசவம் முடிந்த வீட்டுக்கு எல்லோரும் குழந்தைக்குச் சட்டை கொண்டு போவார்கள், அதுவும் பிறந்த குழந்தை அளவில். நீங்கள் ஆறு மாதத்துக்கு மேல் போடும் அளவில் பருத்திச் சட்டை எடுங்கள். அல்லது தாயைக் கவனியுங்கள்: ஒரு வாரம் பூண்டுக் குழம்பும் சூடான சாதமும் டிஃபன் கேரியரில் போகட்டும். ஊரிலிருந்து அம்மா வர முடியாத பெண்ணுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வேலைக்கு வந்து பி.ஜி.யில் தங்கியிருக்கும் தங்கைக்குப் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வத்தக்குழம்பு விழுது, சிறிய நெய்ப் பாட்டில். மின்சாரக் கெட்டில் என்றால் விடுதியில் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் போனஸ் தனி, பரிசு தனி. போனஸ் அவருடைய உரிமை, அதைக் குறைத்துவிட்டுப் புடவை கொடுப்பது சரியில்லை. பரிசு கொடுக்க விரும்பினால் அவர் பிள்ளையின் வகுப்பைக் கேட்டு வழிகாட்டி நூலோ ஜாமெட்ரி பாக்ஸோ வாங்குங்கள்.

ஒன்பதாவது படி: ரிட்டர்ன் கிஃப்ட்

உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு வரும் இருபது குழந்தைக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்றால் ஆயிரம். அந்தப் பணத்தில் ஐந்து பொருள் திணித்த பை வேண்டாம், ஒரே பொருள் போதும். அவென்யூ ரோட்டில் மொத்தமாக எடுத்த கோடு போடாத நோட்டு, அல்லது ஒரு படக்கதைப் புத்தகம், அல்லது வெந்தய விதையோடு ஒரு காகிதக் கோப்பை.

பத்தாவது படி: கட்டுவதும் கொடுப்பதும்

பழைய பருத்திப் புடவைத் துண்டில் முடிந்து கொடுத்தால் துணியும் பயன்படும். விலைச்சீட்டைக் கிழியுங்கள், பில்லை மட்டும் அம்மாவிடம் தனியாகக் கொடுங்கள். அளவு மாற்ற உதவும். உடை, செருப்பு, சைக்கிள் மூன்றுக்கும் இது கட்டாயம். உள்ளே நாலு வரிக் கடிதம் வையுங்கள், குழந்தையிடம் நீங்கள் கவனித்த ஒன்றைக் குறிப்பிட்டு: "போன தடவை வந்தப்போ நீ வரைஞ்ச யானை எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதனாலதான் இந்தக் கலர்."

எப்போது வாங்குவது என்பதற்கு நகரத்தின் நாட்காட்டியே உதவும். கன்னட நாட்காட்டியின் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடி கடலைக்காய்ப் பரிசே (கன்னடத்தில் பரிசே என்றால் திருவிழாச் சந்தை). தெருவெல்லாம் வேர்க்கடலையோடு மலிவான மண் பொம்மைகளும் ஊதல்களும் இருக்கும். ஜனவரியில் ஒரு ஞாயிறு குமாரக்ருபா ரோட்டில் சித்திர சந்தை. ஓவியர்கள் நேரடியாக விற்பார்கள், உட்கார வைத்து முகமும் வரைந்து கொடுப்பார்கள், பாட்டியைக் கூட்டிப் போகலாம். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க்காட்சியில் செடியும் விதையும். தீபாவளிக்கு என்றால் சென்னபட்டணத்துக்கு ஆயுத பூஜைக்கு முன்பே ஒரு வாரநாளில் போய்வாருங்கள், பட்டறைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.